சிவப்பு அட்டையும் வேலை அனுமதியும்: தோட்டத்து மக்கள் தாள் தேடிய வரலாறு



'வேலை பெர்மிட்' என்று சொன்னவுடன் இன்று நம் மனக்கண்ணில் தோன்றுபவர் யார்? வங்காளதேசத்திலிருந்தோ நேப்பாளத்திலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்து, செம்பனைத் தோட்டத்திலும் கட்டுமானத் தளத்திலும் உணவகத்திலும் உழைக்கின்ற அந்நியத் தொழிலாளர்தாம். கடப்பிதழ், மருத்துவச் சான்று, முதலாளியின் கடிதம், ஒளிப்படம் என்று கோப்பைச் சுமந்துகொண்டு அவர்கள் அலைவதைக் காண்கிறோம். 'அது அவர்கள் பாடு' என்று எண்ணிக் கடந்தும் போகிறோம்.

ஆனால், அரை நூற்றாண்டுக்கு முன்பு இதே நாட்டில் இதே வேலை அனுமதிக்காக அலைந்தவர்கள் நம் தாத்தாக்களும் பாட்டிகளும் ஆவர். முப்பது, நாற்பது ஆண்டுகள் இம்மண்ணிலேயே பால்மரம் சீவியவர்கள், 'நீ இங்கு வேலை செய்ய அனுமதி இருக்கிறதா?' என்ற கேள்விக்கு விடைசொல்ல வேண்டிய நிலைக்கு 1969ஆம் ஆண்டில் தள்ளப்பட்டனர். அந்த ஆண்டின் மே 13 கலவரத்தைப் பற்றி நாம் பேசுகிறோம். அதனை அடுத்து வந்த மாதங்களில் தோட்டப்புறங்களில் நிகழ்ந்ததைப் பற்றி வகுப்பறையிலும் வீட்டிலும் நாம் பேசுவது மிகக் குறைவு. அதனை நினைவுகூர்வதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்வரலாறு இன்னும் முடிவடையவில்லை என்பதும் இதனை எழுதுவதற்கு மற்றொரு காரணமாகும்.

வந்த வழியும் வந்த தாளும்

நம் முன்னோர் எந்தத் தாளோடு மலாயாவுக்கு வந்தனர் என்பதை முதலில் அறிந்துகொள்வது நல்லது.

தொடக்கக் காலத்தில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்தனர். 'சஞ்சிக்கூலி' என்று நம் முதியோர் சொல்வது இம்முறையைத்தான். மலாயாவில் 1910ஆம் ஆண்டு இம்முறை முடிவுக்கு வந்தது. அதற்கு முன்பே கங்காணி முறை வேரூன்றிவிட்டது. 1907ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி என்ற ஒன்று தோற்றுவிக்கப்பட்டது. தோட்ட முதலாளிகள் தாங்கள் வேலைக்கு வைத்திருந்த ஆட்களின் கணக்கிற்கேற்ப அந்நிதிக்குப் பணம் செலுத்தினர். தொழிலாளரின் கப்பற்செலவை அந்நிதி ஏற்றது.

கங்காணிக்கு உரிமம் உண்டு. அது தோட்டத்து நிருவாகியின் வேண்டுகோளின் பேரில் வழங்கப்படுவது. கங்காணி அதனை எடுத்துக்கொண்டு தன் ஊருக்குச் செல்வார். ஆள் சேர்த்த பின், ஊர் முனிசீப்பின் முன் அவர்களை நிறுத்தி, இவர்கள் புறப்படுவதில் தடையில்லை என்று ஒப்பம் பெறுவார். பின்னர் நாகப்பட்டினத்திலோ சென்னையை அடுத்த ஆவடியிலோ இருந்த முகாமுக்கு ஆட்கள் கொண்டுசெல்லப்படுவர். அங்கே மருத்துவச் சோதனை, அம்மைக்குத்து, பதிவு ஆகியவை நடைபெறும். கப்பலேறிப் பினாங்கு வந்தால் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவல். அதன் பிறகே தோட்டம்.

இப்பயணத்தில் தாளுக்குப் பஞ்சமே இல்லை என்பதைக் கவனியுங்கள். கங்காணியின் உரிமம், முனிசீப்பின் ஒப்பம், முகாமின் பதிவேடு, கப்பலின் பயணியர் பட்டியல், தோட்டத்து அலுவலகத்தின் 'செக்ரோல்' என்று ஒவ்வொரு படியிலும் ஒருவர் தொழிலாளியின் பெயரை எழுதினார். எனினும் அத்தாள்களில் எதுவும் தொழிலாளியின் உடைமையாக இருக்கவில்லை. உரிமம் கங்காணியிடம், பதிவேடு அரசாங்கத்திடம், செக்ரோல் கிராணியாரிடம். யாருடைய பெயர் எழுதப்பட்டதோ, அவரது கையில் எஞ்சியது துணிமூட்டை ஒன்றே!

இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால், 1969இல் நடந்தது எளிதில் விளங்கும்.

கைக்கு வந்த முதல் அட்டை

1938ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இந்திய அரசாங்கம், கப்பற்செலவு கொடுத்துத் தொழிலாளரை மலாயாவுக்கு அனுப்பும் முறையைத் தடைசெய்தது. அதன் பின் ஜப்பானியர் ஆட்சி வந்தது. ஆயிரக்கணக்கான தமிழர்கள் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர். குடும்பங்கள் சிதறின. பிள்ளைகள் அநாதைகளாயினர். அந்த மூன்றரை ஆண்டுகளில் எழுதப்பட்ட அரசாங்கத் தாள்களில் ஆண்டுக் கணக்கும்கூட மாறியது. 1942ஆம் ஆண்டு ஜப்பானிய முறைப்படி 2602 என்று எழுதப்பட்டது. அப்பா எங்கே மாண்டார் என்றே தெரியாத ஒரு பிள்ளைக்கு, அப்பாவின் தாளை எங்கே தேடுவது?

போருக்குப் பின், 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. கம்யூனிஸ்டுகளை மக்களிடமிருந்து பிரித்தறியும் பொருட்டு, 12 வயதுக்கு மேற்பட்ட அனைவரும் பதிவு செய்யப்பட்டனர். ஒளிப்படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டை வழங்கப்பட்டது. தோட்டத்துத் தொழிலாளியின் கைக்கு வந்த, அவரே வைத்துக்கொள்ள வேண்டிய முதல் தாள் பெரும்பாலும் இதுதான். அதுவும் காவல் நடவடிக்கைக்காக வந்ததேயன்றி, உரிமை வழங்குவதற்காக வந்ததன்று. 'ஐ.சி. இருக்கிறது, ஆகவே நான் இந்நாட்டவன்' என்று பலர் நம்பிக்கொண்டிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே எண்ணத் தோன்றுகிறது. அட்டை இருப்பது வேறு, குடியுரிமை இருப்பது வேறு என்ற வேறுபாட்டை அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை.

பின்னாளில் அவ்வேறுபாடு நிறத்திலேயே தெரிந்தது. நீல அட்டை குடிமக்களுக்கு; சிவப்பு அட்டை நிரந்தரவாசிகளுக்கு.

1957: திறந்த வாசல்

விடுதலை பெற்றபோது நம் நாட்டின் அரசியலமைப்புச் சட்டம் குடியுரிமைக்குப் பல வழிகளைத் திறந்து வைத்தது. சுருக்கமாகச் சொல்வதானால்:

1. 31.8.1957 அன்றோ அதற்குப் பின்னரோ இந்நாட்டில் பிறந்த பிள்ளை, சட்டத்தின்படி தானாகவே குடிமகனாகும். 1962ஆம் ஆண்டில் இவ்விதி திருத்தப்பட்டு, பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்ற நிபந்தனை சேர்க்கப்பட்டது.

2. அந்நாளுக்கு முன் இங்கே பிறந்தவர், முந்தைய ஏழு ஆண்டுகளில் ஐந்து ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருந்தால் பதிவின் வழி குடியுரிமை பெறலாம்.

3. வெளியே பிறந்து, விடுதலை நாளில் இங்கே வாழ்ந்துகொண்டிருந்தவர், முந்தைய பன்னிரண்டு ஆண்டுகளில் எட்டு ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருந்தால் விண்ணப்பிக்கலாம்.

நன்னடத்தை வேண்டும். ஓரளவு மலாய்மொழி அறிவு வேண்டும். இங்கேயே நிலைத்து வாழும் எண்ணம் வேண்டும். விடுதலைக்குப் பின் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தவர்களுக்கு மொழித் தேர்வில் சலுகையும் இருந்தது.

அந்த ஓராண்டில் பலர் விண்ணப்பித்து நீல அட்டை பெற்றனர். பலர் விண்ணப்பிக்கவில்லை. ஏன்? 'ஊருக்குத் திரும்பிப் போகத்தானே போகிறோம்' என்று எண்ணியவர்கள் இருந்தனர். இந்தியக் குடியுரிமையை விட்டுவிட்டால் ஊரில் உள்ள நிலமும் உறவும் போய்விடுமோ என்று அஞ்சியவர்கள் இருந்தனர். பதிவு அலுவலகம் பட்டணத்தில். தோட்டமோ செம்மண் சாலையின் கோடியில். ஒருநாள் பட்டணம் போனால் ஒருநாள் சம்பளம் போயிற்று. பாரத்தை நிரப்ப எழுத்தறிவு இல்லை. நிரப்பித் தருபவர் கேட்ட கூலியோ அவர்களுக்குப் பெரிது. இவை அனைத்திற்கும் மேலாக, சட்டம் கேட்ட சான்று கையில் இல்லை.

'அறியாமையால் வாய்ப்பை நழுவவிட்டனர்' என்று இன்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மையே. வாசல் திறந்துதான் இருந்தது. ஆனால் அவ்வாசலுக்குள் நுழையத் தேவைப்பட்ட சீட்டுகள், முன்பே நாம் கண்டவாறு, அவர்களிடம் ஒருபோதும் கொடுக்கப்படாதவை.

1969: அனுமதி இல்லையேல் வேலை இல்லை

வேலையின்மை பெருகிவந்த அக்காலத்தில், குடிமக்களுக்கே வேலைவாய்ப்பில் முன்னுரிமை என்ற கொள்கையோடு, 1968ஆம் ஆண்டு வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. குடிமகன் அல்லாத ஒருவரை அனுமதிச் சீட்டு இன்றி வேலைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்பதே அதன் சாரம். மே 13க்குப் பிந்தைய சூழலில் அச்சட்டம் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. அண்டை நாடான சிங்கப்பூர், தனிநாடான 1965ஆம் ஆண்டிலேயே இத்தகைய சட்டமொன்றை இயற்றியிருந்தது.

சட்டம் எந்த இனத்தையும் பெயர் சொல்லிச் சுட்டவில்லை. எனினும், தோட்டங்களில் சிவப்பு அட்டையோடு உழைத்தவர்களுள் தமிழர்கள் மிகுதி. ஆகவே அடி அவர்கள் மீது பலமாக விழுந்தது. பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது, 'நீலமா, சிவப்பா?' என்பதே வாழ்வையும் தாழ்வையும் தீர்மானிக்கும் கேள்வியாயிற்று. அனுமதி பெற்றவருக்கும் நிம்மதி இல்லை. அனுமதி காலவரையறை உடையது. முடிந்ததும் மீண்டும் கேட்டு நிற்க வேண்டும்.

எனவே ஒவ்வொரு குடும்பத்திற்கும் இரண்டு வழிகளே தெரிந்தன. ஒன்று, வேலை அனுமதிக்கு விண்ணப்பித்துத் தற்காலிகமாகக் காலந்தள்ளுவது. மற்றொன்று, எப்படியேனும் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பது. இரண்டுக்கும் தாள் வேண்டும்!

தகரப் பெட்டியில் என்ன இருந்தது?

லயத்து வீடுகளில் கட்டிலுக்கடியில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அக்காலத்துப் பிள்ளைகளுக்கு அது நன்றாக நினைவிருக்கும். குடும்பத்தின் தாள்கள் அனைத்தும் அதற்குள்தான். அதிலிருந்து சட்டத்தின் கேள்விகளுக்கு என்ன விடை கிடைத்தது என்று பார்ப்போம்.

பிறப்பிடம்: இங்கே பிறந்தவர் என்பதைக் காட்டப் பிறப்புப் பத்திரம் வேண்டும். போருக்கு முந்தைய தோட்டங்களில் பிள்ளைப்பேறு லயத்திலேயே மருத்துவச்சியின் கையால் நடந்தது. பிறப்பைப் பதிய அருகிலுள்ள காவல் நிலையத்திற்குச் செல்ல வேண்டும். சென்றவர்கள் உண்டு, செல்லாதவர்களும் உண்டு. பதிந்தவர்களுக்கும் வேறொரு சிக்கல். தமிழ்ப் பெயரைத் தமிழறியாதவர் உரோமன் எழுத்தில் காதால் கேட்டு எழுதினார். முனியம்மா ஒரு தாளில் ஒரு மகரத்தோடும், மறு தாளில் இரு மகரங்களோடும் நின்றார். வீட்டில் அழைத்த பெயர் ஒன்று, பத்திரத்தில் எழுதிய பெயர் ஒன்று, செக்ரோலில் கிராணியார் எழுதிய பெயர் வேறொன்று. மூன்று தாளும் ஒரே ஆளுடையவை என்பதை மெய்ப்பிக்க நான்காவதாக ஒரு தாள் வேண்டும். ஆணையர் முன் சத்தியம் செய்து எழுதிக்கொடுக்கும் வாக்குமூலம்தான் அது.

வாழ்ந்த காலம்: எட்டு ஆண்டுகள், பத்து ஆண்டுகள் இங்கே வாழ்ந்ததற்குச் சான்று எங்கே? தோட்டத்து செக்ரோலில் இருந்தது. ஆனால் 1950களிலும் 60களிலும் ஆங்கிலேயர் தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாகக் கைமாறின. துரையும் மாறினார், கிராணியாரும் மாறினார். பழைய பதிவேடு என்னவாயிற்று என்று கேட்கத் தொழிலாளிக்கு யார் வழிகாட்டுவது? இத்துண்டாடலைத் தடுக்கவே துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்திப் பங்கு சேர்த்துத் தோட்டங்களை வாங்கினர். வேலையையும் குடியிருப்பையும் காத்த முயற்சி அது.

சேமநிதி: 1951இல் தொடங்கப்பட்ட ஊழியர் சேமநிதியின் எண்ணும் ஏடும் ஒருவர் எத்தனை ஆண்டுகள் உழைத்தார் என்பதற்கு நல்ல சான்று. ஆனால் எழுத்தறியாத ஒருவருக்கு அது எப்பயனும் இல்லாத ஒரு துண்டுத்தாளாகவே தோன்றியிருக்கும்.

மொழி: மலாய்க்காரர்களோடும் சீனர்களோடும் சந்தையில் பேசிப் பழகிய மலாய் அவர்களிடம் இருந்தது. ஆனால் அதிகாரியின் மேசைக்கு முன் நின்று விடையளிக்கும் மலாய் அதுவன்று.

ஆக, பெட்டியைத் திறந்தால் இருந்தவை எவை? ஒரு சிவப்பு அட்டை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், ஊரிலிருந்து வந்த கடிதங்கள், சாமிப் படம் ஒன்று. உழைத்த உழைப்புக்கு அதில் ஒரு வரிகூட எழுத்து இல்லை.

ஒரே வீட்டில் இரு நிறம்

இதில் மிகக் கொடியது எது தெரியுமா? சட்டத்தின்படி, விடுதலைக்குப் பின் பிறந்த பிள்ளை குடிமகன். 1969இல் அப்பிள்ளைக்கு 11 அல்லது 12 வயது இருக்கும். பிள்ளை இந்நாட்டின் குடிமகன். அவனுக்குச் சோறு போடும் தந்தையோ வேலை செய்ய அனுமதி கேட்க வேண்டிய அந்நியர்! ஒரே லயத்து வீட்டில், ஒரே தட்டில் உண்ட குடும்பத்தை இரு நிறங்கள் பிரித்தன.

அக்காலக்கட்டத்தில் இந்நாட்டை விட்டு இந்தியாவுக்குத் திரும்பியவர்கள் ஏறத்தாழ 60,000 பேர் என்று ஆய்வாளர்கள் பொதுவாகக் குறிப்பிடுகின்றனர். 1926இல் கட்டப்பட்டு, 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் ஆகிய துறைகளுக்கிடையே ஓடிய 'ரஜூலா' கப்பலை நம் முதியோர் மறக்கவில்லை. நம்பிக்கையோடு வந்தவர்களைச் சுமந்த அதே கப்பல், மனமுடைந்தவர்களையும் சுமந்து சென்றது.

சென்றவர்களுள் பலர் இங்கேயே பிறந்தவர்கள். தமிழ்நாட்டைக் கண்ணால் கண்டிராதவர்கள். அவர்களோடு சென்ற பிள்ளைகளுள் பலர் மலேசியக் குடியுரிமைக்கு உரியவர்கள். அவர்களது பிறப்புப் பத்திரங்களும் பெட்டியோடு கடல் கடந்தன. பெட்டிக்குள் இருந்தது உரிமை என்பதைச் சொல்ல அந்த வீட்டில் யாருமில்லை.

இவ்வளவும் நடந்த பின் என்னவாயிற்று? தோட்டங்களில் ஆள் பற்றாக்குறை ஏற்பட்டது. அதற்கு நகர்ப்புறத் தொழிற்சாலைகள், குறைந்த கூலி எனப் பல காரணங்கள் உண்டு. 1984இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் மேடானில் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் முறைப்படி வரவழைக்கப்பட்டனர். அனுமதி இல்லை என்று ஆட்களை அனுப்பிய தோட்டங்களுக்கு, பதினைந்து ஆண்டுகளில் அனுமதியோடு வேறு ஆட்கள் வந்தனர்! வரலாற்றின் இந்த முரணை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முடியாத வரலாறு

இது பழங்கதை என்று யாரேனும் கருதினால், ஒரு செய்தியைச் சொல்ல விரும்புகிறேன். 60 வயதைக் கடந்தும் சிவப்பு அட்டையோடு வாழ்ந்துவந்த 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று 2018ஆம் ஆண்டில் நம் அரசாங்கம் அறிவித்தது. அதாவது, விடுதலை பெற்று அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அத்தனை முதியவர்கள் வாசலுக்கு வெளியே நின்றிருக்கின்றனர்!

இன்னொன்று. இந்நாட்டில் பிறந்த பிள்ளைக்குப் பெற்றோருள் ஒருவர் நிரந்தரவாசியாக இருந்தாலும் குடியுரிமை உண்டு என்ற விதியைப் பற்றி மேலே எழுதினேன். 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தம் அவ்வழியை நீக்குகிறது. சிவப்பு அட்டையோடு இருக்கும் இளந்தம்பதியர் இதனை அறிந்திருத்தல் மிகவும் இன்றியமையாதது.

மூன்றாவது, திருமணப் பதிவு. 1982 மார்ச் 1ஆம் நாளுக்கு முன் கோயிலில் தாலி கட்டினால் போதும். சட்டம் அதனை ஏற்றது. அந்நாள் முதல், முசுலிம் அல்லாதாரின் திருமணங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். 'ஊரறியக் கோயிலில்தானே கட்டினோம்' என்று பதியாமல் விட்டுவிடும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. பதியப்படாத திருமணத்தில் பிறக்கும் பிள்ளை, குடியுரிமைக்குத் தாயையே சார்ந்து நிற்கிறது. தாய் குடியுரிமை அற்றவராயின், தந்தையிடம் நீல அட்டை இருந்தும் பிள்ளை நாடற்றதாகிவிடும். 1969இல் தாத்தாவைத் தடுத்த அதே தாள், இன்று பேரனைத் தடுக்கிறது.

ஒன்றாம் ஆண்டுப் பதிவின்போது, பிறப்புப் பத்திரம் இல்லாமல் தயங்கித் தயங்கி அலுவலக வாசலில் நிற்கும் தாய்மாரைக் காணாத தமிழ்ப்பள்ளி ஆசிரியர் மிகச் சிலரே. 'ஏன் இத்தனை நாள் எடுக்கவில்லை?' என்று கேட்பது எளிது. அக்கேள்வியைக் கேட்கும் முன், அத்தாயின் தாய்க்கும் தாள் இருந்திருக்காது என்பதை ஒருகணம் எண்ணிப் பார்ப்போம். தாளின்மையும் நம்மிடையே வழிவழியாக வரும் ஒரு சொத்தாகிவிட்டது!

நாம் செய்யத்தக்கவை

பெற்றோர்களுக்கு:

1. பிள்ளை பிறந்தால் 60 நாட்களுக்குள் பதிந்துவிடுங்கள். பெயரை ஓர் எழுத்து விடாமல் சரிபார்த்த பின்னரே கையொப்பமிடுங்கள். 'பிறகு திருத்திக்கொள்ளலாம்' என்று விட்டது பல குடும்பங்களில் தலைமுறைகளாகத் திருந்தவில்லை.

2. திருமணத்தைப் பதியுங்கள். பிள்ளை பிறப்பதற்கு முன்பே பதியுங்கள்.

3. பன்னிரண்டு வயதில் மைக்கார்டு எடுக்க வேண்டும். அதனை ஒத்திப்போடாதீர்கள்.

4. வீட்டில் உள்ள பழைய தாள்கள் அனைத்தையும், தாத்தா பாட்டியின் பழைய அட்டை, பழைய கடப்பிதழ், சேமநிதித் தாள், தோட்டத்துக் கடிதம் உட்பட, ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். நகலெடுத்து வேறோர் இடத்திலும் வையுங்கள். மங்கிய தாள் என்று எதனையும் எறியாதீர்கள்.

5. வீட்டில் சிவப்பு அட்டையோடு முதியவர் இருந்தால், விண்ணப்பம் எந்நிலையில் உள்ளது என்று தேசியப் பதிவிலாகாவில் கேட்டறியுங்கள். அவர்களால் தனியே போக இயலாது. நாம்தாம் உடன் செல்ல வேண்டும்.

ஆசிரியர்களுக்கு:

நம்மிடமும் ஒரு தகரப் பெட்டி உள்ளது. அது பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் பள்ளி அமைக்கப் பணித்த காலந்தொட்டு, தலைமையாசிரியர்கள் பிள்ளையின் பெயர், பிறந்த நாள், தந்தையின் பெயர், சேர்ந்த நாள் ஆகியவற்றை எழுதி வந்துள்ளனர். ஒருவர் இன்ன ஆண்டில் இன்ன தோட்டத்தில் சிறுவனாக இருந்தார் என்பதற்கு அதனினும் நல்ல சான்று வேறென்ன இருக்க முடியும்? தோட்டத்து அலுவலகம் தொலைத்த வரலாற்றைத் தமிழ்ப்பள்ளியின் அலமாரி காத்து வைத்திருக்கக்கூடும்.

1957இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530 பள்ளிகள் உள்ளன. மூடப்பட்ட பள்ளிகளின் பதிவேடுகள் எங்கே? இடம் மாறிய பள்ளிகளின் பழைய ஏடுகள் எங்கே? ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியர் இதனைத் தம் பொறுப்பாக ஏற்றுக்கொண்டால் போதும். கறையான் தின்னும் முன் அப்பதிவேடுகளைப் படமெடுத்துச் சேமிக்கலாம். மதிப்புமிக்கவற்றைத் தேசிய ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைப்பது பற்றிக் கலந்து பேசலாம். முன்னாள் மாணவர் ஒருவர் சான்று கேட்டு வந்தால், 'பழைய புத்தகமெல்லாம் இல்லை' என்று திருப்பி அனுப்பாமல், ஒருமுறை அலமாரியைத் திறந்து பார்க்கலாம்.

வரலாற்றுப் பாடத்திலும் இதற்கு இடமுண்டு. விடுமுறைப் பணியாக, 'உங்கள் தாத்தா பாட்டியிடம் முதன்முதலாக இருந்த அடையாள அட்டை எந்த நிறம்? அதனை எங்கே, எப்படிப் பெற்றார்கள்?' என்ற இரு கேள்விகளை மாணவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். எந்தப் பாடநூலும் தராத வரலாறு வகுப்பறைக்கு வந்து சேரும். தம் குடும்பத்தின் வரலாறு என்றதும் பிள்ளைகள் காட்டும் ஆர்வம் தனி. அதே வேளையில், சிவப்பு அட்டை இன்னும் உள்ள வீட்டுப் பிள்ளை வகுப்பில் கூனிக்குறுகாதவாறு பார்த்துக்கொள்வது நம் கடமை. விடையை வகுப்பில் வாசிக்கச் சொல்லாமல் எழுதி மட்டும் வாங்கிக்கொள்வது நலம்.

இறுதியாக ஒன்று. காலையில் பள்ளிக்கு வரும் வழியில், சாலையோரம் கோப்போடு நிற்கும் அந்நியத் தொழிலாளியைக் காணும்போது, நம் பிள்ளைகள் அவரை ஏளனமாகப் பார்க்காதிருக்கட்டும். அவரது கடப்பிதழ் முதலாளியின் மேசை இழுப்பறைக்குள் முடங்கிக் கிடந்தால், அவரும் தம் பெயர் எழுதிய தாள் தம் கையில் இல்லாத ஒருவரே. உழைப்பவரின் தாள் உழைப்பவரிடமே இருக்க வேண்டும் என்பதை நம்மைவிட நன்கு அறிந்தவர் யார்?

சிந்திப்போம், செயல்படுவோம்.